கயிறு போடும் துல்லியோ சுற்றுலா வந்த கதை

என் வீட்டில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறேன். ஒன்பது வருடங்களாக உலகமே வந்து அங்கே படுத்து எழுந்து போகிறது. துண்டைச் சுருட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. குளியல் தொட்டியில் நண்டு கழுவியவர்கள் உண்டு. எனக்கு யார் மேலும் கோபமும் இல்லை, பாசமும் இல்லை. வருகிறவர்களுக்குச் சாவி, போகிறவர்களுக்கு ஒரு கையசைப்பு, அவ்வளவுதான். என் அம்மா உயிர் விட்ட அறையில் தேனிலவுக்காரர்கள் சிரிப்பது சுவர் வழியாகக் கேட்கும். முதல் வருடம் காதைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் மரத்துப்போய்விட்டது. வெனிஸில் இன்னும் குடியிருப்பவர்கள் எல்லோருமே ஏதோ ஓர் இடத்தில் மரத்துப்போனவர்கள்தான். இல்லாவிட்டால் இங்கே காலம் தள்ள முடியாது.

ஜனவரியில் ஊர் காலியாகக் கிடக்கும். அப்படி ஒரு வாரத்தில்தான் மேற்கே, கடலே இல்லாத நொவாரா ஊரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "எங்க அத்தையும் மாமாவும் வர்றாங்க, ரெண்டு ராத்திரி. வயசானவங்க. படகுத்துறைக்கு வந்து நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க, புண்ணியமாப் போகும்" என்றாள். புண்ணியத்துக்காக இல்லாவிட்டாலும், என் வீடு இருக்கும் சந்தை ஊர்க்காரனே ஒரு முறை தவறவிடுவான் என்பதால் எல்லோரையும் நான்தான் போய் அழைத்து வருவேன்.

ஃபொந்தாமெந்தே நோவே துறையில் பதினொரு மணிக்கு நின்றேன். காயல் மேல் மூடுபனி. எதிரே கல்லறைத் தீவின் சுவர் ஒரு கோடாக மட்டும் தெரிந்தது. ரயில் நிலையத்திலிருந்து வரும் படகு வந்து இடித்து நின்றது. கயிறு போட வேண்டிய சின்னப் பெண் யாரோ ஒருத்திக்கு வழி சொல்லிக்கொண்டிருந்ததால் ஒரு நொடி தாமதித்துவிட்டாள். அந்த ஒரு நொடியில், கம்பிக் கதவருகே நின்றிருந்த தொப்பிக்காரக் கிழவர் ஒருவர் குனிந்தார். கயிற்றை எடுத்தார். துறையின் இரும்புக் கட்டையைப் பார்க்காமலேயே வீசினார். வளையம் போய் விழுந்து இறுகியது. படகு அசையாமல் நின்றது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் ஆங்கிலத்தில் கத்தினாள். தொடாதே, பின்னால் போ, ஆபத்து என்று. அவள் மேல் தப்பில்லை. கிழவரின் பக்கத்தில் சக்கரம் வைத்த பெட்டி இருந்தது, கையில் சுற்றுலா வரைபடம் இருந்தது. மேலே இருந்த படகோட்டி கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். பயணிகள் எல்லோரும் பார்த்தார்கள். கிழவர் கையில் கயிற்றின் மிச்சத்தோடு நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு "சாரி" என்று ஆங்கிலத்திலேயே சொன்னார். பின்னால் இருந்த பெண்மணி அவர் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

அவர்கள்தான் என் விருந்தாளிகள். கை குலுக்கினோம். அந்த வீச்சை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு சந்தேகம் தட்டியது. ஆனால் ஜனவரிக் குளிரில் சந்தேகத்தை நின்று வளர்க்க முடியாது. பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். பாலத்துப் படிகளில் சக்கரத்தை உருட்டினால் எனக்குப் பிடிக்காது. அதனால் எல்லோர் பெட்டியையும் நானே தூக்கிவிடுவேன். இந்தப் பெட்டி அளவில் பெரிது, ஆனால் எடையே இல்லை. உள்ளே காற்று மட்டும்தான் இருப்பது போல் இருந்தது.

வீட்டுச் சமையலறையில் உட்கார வைத்து, காபி போட்டுக் கொடுத்து, வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். தெருவில் வலது பக்கமாக நடங்கள். பாலத்தில் உட்காராதீர்கள். கடல் காக்கைக்கு ரொட்டி காட்டினால் விரலோடு கொண்டு போய்விடும். காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. படகில் ஏறுவதற்கு முன் இறங்குகிறவர்களுக்கு வழி விடுங்கள். கிழவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். நான் முடித்துவிட்டு, ஏதாவது கேள்வி இருக்கிறதா என்றேன்.

அந்த அம்மாள்தான் வாய் திறந்தாள். சுத்தமான வெனிஸ் பேச்சு. "கண்ணு, ரொம்ப நல்லாச் சொல்லிக் குடுத்த. ஆனா நாங்க ரெண்டு பேருமே இங்க பொறந்தவங்க. இவரு இதே படகுல முப்பத்தோரு வருஷம் கயிறு போட்டவரு."

கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன். காது வரைக்கும் சூடேறியது. கிழவர் தொப்பியைக் கழற்றினார். அப்போதுதான் முகம் முழுதாகத் தெரிந்தது. "துல்லியோ!" என்றேன். "ஆமா" என்றார். அதைச் சொல்லவே கூச்சப்பட்டது போல் இருந்தது.

துல்லியோவை இந்தக் கரையில் தெரியாதவர்கள் அப்போது யாரும் இல்லை. படகோட்டியை யாருக்கும் தெரியாது, அவன் மேலே கண்ணாடிக்குள் இருப்பவன். கயிறு போடுபவன்தான் ஜனங்களோடு நிற்பவன். துல்லியோ இருபத்திரண்டு வயதில் அந்த வேலைக்கு வந்தார். அவருடைய அப்பா காஸ்தெல்லோ பேட்டையில் மீன் பெட்டி சுமந்தவர். மகனுக்கு அரசாங்கச் சட்டை கிடைத்ததும் தெருவுக்கே ஒயின் வாங்கிக் கொடுத்தார். ரொட்டிக் கடையில் நின்ற ஜில்யோலாவைத் துல்லியோ கட்டிக்கொண்டதும் படகு வழியாகத்தான். அவள் தினமும் ஆறு மணிப் படகுக்கு ஓடி வருவாளாம். இவர் தினமும் கயிற்றை அவிழ்க்க நேரமாக்குவாராம். "உன்னாலதான் எனக்கு மூணு தடவை மெமோ வந்துச்சு" என்பார். "மூணு மெமோவுக்கு ஒரு பொண்டாட்டி, கொள்ளை லாபம்" என்பாளாம் அவள்.

என் அம்மாவின் காய்கறி வண்டியை எத்தனையோ முறை அவர் ஒற்றைக் கையால் தூக்கிப் படகில் வைத்திருக்கிறார். தாமதமாக ஓடி வரும் பாட்டிகளுக்காக அவர் முடிச்சு திடீரென்று சிக்கிக்கொள்ளும். வாசலை மறித்துக்கொண்டு போட்டோ எடுக்கும் வெளியூர்க்காரர்களை நான்கு மொழிகளில் திட்டுவார், நான்கும் தப்பு. ஆனால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பேச்சு அவ்வளவு சத்தமானது, சிரிப்பு அதைவிடச் சத்தமானது.

பிறகு அவர் மகன் நிக்கோ போனான். அதை ஊரே அறியும். பத்தொன்பது வயது. ஆகஸ்ட் மாதத்துச் சாயங்காலம், அப்பாவின் சின்ன மோட்டார் படகை எடுத்துக்கொண்டு சந்தெராஸ்மோ தீவுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, காயலில் வழி காட்ட நட்டிருக்கும் மரத்தூணில் மோதிவிட்டான். எங்கள் ஊரில் பிள்ளைகள் இப்படித்தான் சாகிறார்கள். மற்ற ஊர்களில் மோட்டார் சைக்கிள், இங்கே படகு.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் துல்லியோ வேலைக்கு வந்தார். கயிறு போட்டார், அவிழ்த்தார், போட்டார், அவிழ்த்தார். யாரையும் திட்டவில்லை. வசந்த காலம் வரைக்கும் அப்படியே ஓடியது. ஒரு நாள் இதே துறையில் கயிற்றைப் போட்டவர் அவிழ்க்கவே இல்லை. ஜனங்கள் ஏறிவிட்டார்கள், கதவு மூடியாயிற்று, படகோட்டி இரண்டு முறை மணி அடித்தார். துல்லியோ கயிற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். அழவில்லை, ஒன்றுமில்லை. கடைசியில் யாரோ ஒரு பயணிதான் அவிழ்த்துவிட்டார். அடுத்த மாதம் இருவரும் ஜில்யோலாவின் அண்ணன் இருக்கும் நொவாராவுக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் கால் வைக்கவில்லை.

என் வீட்டுக்கு வந்த அன்று மதியம் துல்லியோ தூங்கப் போனதும் ஜில்யோலா என்னோடு சமையலறையிலேயே இருந்துவிட்டாள். நான் பீன்ஸ் சூப்புக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவளாகவே ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அந்தப் பெட்டி காலின்னு கண்டுபிடிச்சிட்டேல்ல?" என்றாள்.

"எடை இல்லையே."

"அவனை எடுத்துட்டுப் போகத்தான்."

எனக்குப் புரிந்துவிட்டது. கல்லறைத் தீவில் இடம் கிடையாது. மண்ணில் வைத்தவர்களைப் பன்னிரண்டு வருடத்தில் எடுத்துவிடுவார்கள். எலும்பைச் சின்னத் தகரப் பெட்டியில் போட்டு வீட்டாரிடம் கொடுப்பார்கள். சுவர் மாடத்தில் வைக்கலாம், வேறு ஊருக்குக் கொண்டு போகலாம். யாரும் வராவிட்டால் பொதுக் குழிக்குப் போய்விடும். எங்கள் வீட்டிலும் ஒவ்வொருவராக இப்படி எடுத்து வைத்திருக்கிறோம். அதனால் எனக்கு அது புதிதில்லை. ஆனால் பிள்ளையை எடுப்பது வேறு.

"நாளைக்குக் காலையில ஏழரை மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. அங்கேருந்து கிளம்பினா அந்த நேரத்துக்கு ரயில் கிடையாது. அதான் உன் ரூம்." அவள் வெங்காயத்தை மெல்லிசாக நறுக்கினாள். ரொட்டிக் கடைக்காரியின் கை. "எல்லாப் பேப்பரும் வாங்கிட்டேன். நொவாராவுல மாடமும் எடுத்தாச்சு. எனக்கு இந்தத் தண்ணியே வேண்டாம், ஒரியெத்தா. தண்ணியைப் பாக்காம இருக்கணும்னுதான் அங்க போனேன். போய்ப் பாத்தா, சித்திரை வந்தா அந்த ஊரு வயல் முழுக்கத் தண்ணி கட்டிடறான். நெல்லு விளையற ஊராம். ஜன்னலைத் திறந்தா காயல் மாதிரி பளபளன்னு. எவன்கிட்டப் போய்ச் சொல்றது?"

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் என் சிரிப்பைத் தப்பாகவும் எடுத்துக்கொள்ளவில்லை.

"அவரு என்ன சொல்றாரு?"

"அவரு எங்க சொல்றாரு? பன்னெண்டு வருஷமா எல்லாத்தையும் நான்தான் சொல்றேன். சாப்பாடா, சரி. மருந்தா, சரி. பையனைக் கொண்டுபோயிடலாமா, சரி." கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு மோட்டார் சாவியைக் குடுத்தது அவருதான். நான் குடுக்காதேன்னேன். 'வளர்ற பையன், போகட்டும்'னாரு. அதுக்கப்புறம் நான் அந்தப் பேச்சை எடுத்ததே இல்ல. ஒரு நாள் கூட. சொன்னா அந்த மனுஷன் செத்துடுவாரு. சொல்லாமலே எனக்கு இங்க எல்லாம் கல்லாப்போச்சு." மார்பைத் தொட்டுக் காட்டினாள். அழுகையில்லை. விலை சொல்வது போல்தான் சொன்னாள்.

மூன்று மணிக்குத் துல்லியோ எழுந்து வந்தார். அறைக்குள்ளேயே அடைந்து கிடந்தால் மறுநாள் காலை வருவதற்குள் பைத்தியம் பிடித்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. வெளியே போய்விட்டு வரலாம் என்றேன். ஜில்யோலா பயந்தாள்.

"தெருவுக்குத் தெரு ஆளு தெரியும். 'ஐயோ ஜில்யோலா, எப்படி இருக்க, பாவம்'னு ஆரம்பிச்சிடுவாளுங்க. என்னால முடியாது."

"அப்ப சான் மார்க்கோ சதுக்கத்துக்குப் போகலாம்" என்றேன். "அங்க நம்ம ஊர்க்காரன் எவன் வரான்?"

அது உண்மை. தலை மறைய வேண்டுமென்றால் வெனிஸ்காரருக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. சந்து சந்தாகப் போகாமல், மஞ்சள் பலகை காட்டும் வழியில், சுற்றுலாக்காரர்களின் பின்னாலேயே நடந்தோம். வழியெல்லாம் முகமூடிக் கடை, கண்ணாடிக் கடை, மறுபடி முகமூடிக் கடை. இங்கே ஒரு பொத்தான் கடை இருந்தது, அங்கே பால்காரர் இருந்தார் என்று யாராவது ஆரம்பிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இருவரும் கடைகளை நிஜமாகவே முதல் தடவை வருகிறவர்களைப் போல் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பழசை நினைத்துப் பெருமூச்சு விடக் கூடத் தோன்றாத நிலை என்று ஒன்று உண்டு. அதை நான் அறிவேன்.

சதுக்கத்தில் ஈரம் கோத்திருந்தது. ஜில்யோலா தேவாலயத்துக்குள் போனாள். நான் துல்லியோவோடு தூணோரம் நின்றேன். கொரியாவிலிருந்து வந்த ஒரு இளம் ஜோடி தங்களை ஒரு போட்டோ எடுத்துத் தரச் சொல்லித் துல்லியோவிடம் போனை நீட்டியது. எடுத்துக் கொடுத்தார். பதிலுக்கு உங்களையும் உங்கள் மனைவியையும் எடுக்கிறோம் என்று என்னையும் அவரையும் சேர்த்து நிறுத்திவிட்டார்கள். மறுக்கத் தெரியாமல் நின்றோம். இப்போது அந்தப் படம் கொரியாவில் எங்கோ இருக்கிறது.

"மெனக்கெட்டு இவ்வளவு தூரம் வந்து போட்டோ எடுக்கறாங்க" என்றார் துல்லியோ. அன்று அவராகப் பேசிய முதல் வார்த்தை அது. கொஞ்ச நேரம் கழித்து, ஜில்யோலா உள்ளேயிருந்து வருகிறாளா என்று பார்த்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார். "எனக்கு அவனை இங்கேருந்து எடுக்க மனசில்ல, ஒரியெத்தா. அங்க யாரைத் தெரியும் அவனுக்கு? ஒரு கால்வாய் கூடக் கிடையாது. அவன் சிநேகிதனுங்க எல்லாம் இங்கதான் இருக்கானுங்க."

"அப்ப அவகிட்டச் சொல்லுங்க."

"எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுச் சொல்றது?" என்றார்.

திரும்பும்போது வினை வந்தது. ரியால்தோ வட்டாரத்தைத் தாண்டி ஒரு பாலத்தில் ஏறுகிறோம், எதிரே மீன் பையோடு மோமி இறங்கி வந்தார். துல்லியோவோடு இருபது வருடம் ஒரே படகில் ஓட்டியாக இருந்தவர். நின்று, கண்ணைச் சுருக்கி, கைகளை விரித்துவிட்டார். "டேய் துல்லியோ! பெரிசு! உயிரோடதான் இருக்கியா? சொல்லாமக் கொள்ளாமப் போனவன் எங்கடா வந்தே?"

துல்லியோ வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டார். பள்ளிக்கூட இத்தாலியத்தில், ஊர்ப் பேச்சின் வாடையே இல்லாமல் சொன்னார். "மன்னிக்கணும், ஐயா. ஆள் மாறிப் பேசறீங்க. நாங்க நொவாராவிலிருந்து வந்திருக்கோம்."

மோமி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் மெதுவாகக் கைகளை இறக்கி, மீன் பையைக் கை மாற்றிக்கொண்டார். "அப்படியா. சரி. ஊரைச் சுத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் துல்லியோ மேல் பெருங்கோபம் வந்தது. ஒரு மனிதன் தன் துக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள இன்னொருவனை இப்படிப் பாலத்தின் நடுவில் நிறுத்திவிடலாமா? மூவரும் வீடு வந்து சேர்ந்தோம். சூப்பைக் குடித்துவிட்டு அவர்கள் ஏழரைக்கெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என் கோபம் சட்டியைத் தேய்த்து முடிப்பதற்குள் ஆறிப்போயிற்று.

காலையில் ஜில்யோலா என் கதவைத் தட்டினாள். "நீயும் வரயா? எங்க ரெண்டு பேரு மட்டும் போனா நாங்க பேசிக்கவே மாட்டோம்." கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கல்லறைத் தீவுக்கு எங்கள் துறையிலிருந்து ஒரே நிறுத்தம். பனியில் படகு மெதுவாகப் போயிற்று. கயிறு போட்டது வேறு ஒரு பையன். துல்லியோ இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். காலிப் பெட்டி ஜில்யோலாவின் முழங்கால்களுக்கு நடுவில் இருந்தது. பிரபலங்களின் சமாதியைப் பார்க்க வந்த இரண்டு பேர் எங்களிடம் வழி கேட்டார்கள். துல்லியோ வழி சொன்னார்.

நிக்கோவைப் புதைத்திருந்த வரிசையைச் சுற்றிப் பச்சைத் துணித் தடுப்பு கட்டியிருந்தார்கள். குழி தோண்டுபவர் உம்பெர்த்தோ என்பவர் வந்து கை குலுக்கினார். ஐம்பது வயதிருக்கும். பூட்ஸ் முழுக்கச் சேறு. "நீங்க அந்த சைப்ரஸ் மரத்தடியில நில்லுங்க. நான் முதல்ல பாத்துட்டு வரேன். எல்லாம் முடிஞ்சதும் கூப்பிடறேன்" என்றார். பலமுறை சொல்லிச் சொல்லியும் கெட்டுப்போகாத ஒரு மரியாதை அந்தக் குரலில் இருந்தது.

நின்றோம். மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பிறகு பலகை நெம்பும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்தச் சத்தமில்லாத நேரம் நீண்டுகொண்டே போயிற்று. எங்கள் அப்பாவை எடுத்தபோது இவ்வளவு நேரம் ஆகவில்லையே என்று நினைத்தேன். தடுப்புத் துணியின் பக்கம் இரண்டு அடி நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

உம்பெர்த்தோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"அம்மா, பையன் இன்னும் தயாராகல."

"அப்படின்னா?" என்றாள் ஜில்யோலா.

"மண்ணு தன் வேலையை முடிக்கல. சில சமயம் இப்படி ஆகும். இந்தப் பக்கம் ஈரம், களிமண்ணு. சின்ன வயசு உடம்பு வேற." ஒவ்வொரு வார்த்தையாக அளந்து வைத்தார். "இப்படியே எலும்பாப் பெட்டியில போட்டுக் குடுக்க முடியாது. ரெண்டு வழிதான் இருக்கு. தகனத்துக்கு அனுப்பிடலாம், சாம்பல் உங்க கைக்கு வந்துடும், எங்க வேணாலும் கொண்டுபோகலாம். இல்லேன்னா பக்கத்து வரிசையில மறுபடி வைக்கணும். இன்னும் அஞ்சு வருஷம்."

ஜில்யோலா பெட்டியின் கைப்பிடியை விடவில்லை. "பாக்கலாமா?"

"வேண்டாம்மா. நான் பாத்துட்டேன், அது போதும்."

"கால்ல என்ன போட்டிருக்கான்?"

உம்பெர்த்தோ ஒரு கணம் யோசித்துவிட்டு, "கான்வாஸ் ஷூ. ரப்பர் அடி அப்படியே இருக்கு" என்றார்.

"நான்தான் போட்டுவிட்டேன்" என்றாள். "தோல் ஷூ போட்டா நிக்க மாட்டான், கடிக்கும்பான். மாமியாரு சண்டைக்கு வந்தாங்க, கோயிலுக்குக் கொண்டுபோற பிள்ளைக்குக் கான்வாஸான்னு." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "சொல்லு. எரிச்சு எடுத்துட்டுப் போறதா, இங்கயே வைக்கிறதா? இந்தத் தடவை நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

துல்லியோ தடுப்புத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். உம்பெர்த்தோ நாசூக்காக நாலு அடி தள்ளிப் போய் நின்றார்.

"சாவியைக் குடுத்தவன் நான்" என்றார் துல்லியோ. "நான் எப்படி ஜில்யோலா சொல்றது?"

பன்னிரண்டு வருடமாக இருவரும் வாயில் அடக்கி வைத்திருந்த வார்த்தை வெளியே வந்து விழுந்துவிட்டது. நான் அந்த இடத்தில் இருந்திருக்கக் கூடாது. ஜில்யோலா அவரையே பார்த்தாள். கோபமாகவும் பார்க்கவில்லை, கனிவாகவும் பார்க்கவில்லை. நெடு நாள் கழித்து ஒருவரை அடையாளம் தெரிந்துகொள்ளும்போது பார்ப்போமே, அப்படிப் பார்த்தாள்.

"தெரியும்" என்றாள். "எனக்குத் தெரியும்னு உனக்கும் தெரியும்."

"இங்கயே இருக்கட்டும்" என்றார் அவர். "நான் கேக்கக் கூடாது. ஆனா இங்கயே இருக்கட்டும், ஜில்யோலா. அவனை எரிக்க வேண்டாம்."

அவள் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். திடீரென்று அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று நினைத்துப் பிடித்துக்கொண்டேன். அழுகைதான், ஆனால் அதற்குள்ளே ஒரு சிரிப்பும் இருந்தது.

"தயாராகலையாம்" என்றாள் என்னிடம். "கேட்டியா? ஸ்கூலுக்கு எழுப்பப் போனா, தினமும் இதே கூத்துதான். போர்வையை இழுத்து மூடிக்கிட்டு, 'இன்னும் அஞ்சு நிமிஷம்மா, அஞ்சே நிமிஷம்'பான். படகு வந்துடும், பள்ளிக்கூடம் போயிடும், துரைக்கு இன்னும் அஞ்சு நிமிஷம். இப்பவும் அதையேதான் சொல்றான்."

துல்லியோ அப்படியே சத்தம் போட்டு அழுதார். அறுபத்தைந்து வயது மனிதர், வாயைக் கூட மூடிக்கொள்ளாமல் அழுதார். நானும் அழுதேன். யாருக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நிக்கோவுக்காகவும் இருக்கலாம், அறையில் செத்த என் அம்மாவுக்காகவும் இருக்கலாம்.

ஜில்யோலாதான் முதலில் எழுந்தாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உம்பெர்த்தோவைக் கூப்பிட்டாள். "தூங்கட்டும், தம்பி. மறுபடி வச்சிடுங்க." அவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைக் கணவரிடம் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போடும்வரை தாளின் ஓரத்தை அவளே பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவர் கோட்டுப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டபடி சொன்னாள். "அஞ்சு வருஷம். அதுக்குள்ள நீ பாட்டுக்குச் செத்துத் தொலைஞ்சிடாதே, கிழவா. சாவியைக் குடுத்தவன் நீ. அவனை எழுப்பறப்போ என் பக்கத்துல நிக்க வேண்டியவனும் நீதான்."